வீட்டில் வைக்கிற நீச்சல் தொட்டியும் சின்னக் குழந்தைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றடித்து விரிக்கிற சின்னத் தொட்டி, மேல் வளையத்தில் மட்டும் காற்றடித்தால் தண்ணீர் ஏற ஏறத் தானாக எழுந்து நிற்கிற தொட்டி, இரும்புக் குழாய்களை மாட்டி நிறுத்துகிற பெரிய தொட்டி, இந்த மூன்றையும் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். ஒன்று முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தை வீட்டில் இருந்தாலோ, அடிக்கடி வந்துபோனாலோ இது உங்களுக்கானது.

முழங்கால் அளவு தண்ணீர்தானே, அதில் குழந்தை எப்படி மூழ்கும்?

மூழ்குவதற்கு ஆழம் தேவையில்லை, மூக்கும் வாயும் தண்ணீருக்குள் போனால் போதும். அதற்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே தாராளம். இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலைதான் பெரிது, கனமும் அங்கேதான். முகம் குப்புற விழுந்தால் கையை ஊன்றித் தலையைத் தூக்கும் பலம் அதற்குக் கிடையாது, அதிலும் கீழே இருப்பது வழுக்கும் பிளாஸ்டிக் தரை, கை ஊன்ற ஊன்றச் சறுக்கிக்கொண்டே போகும். பெரியவர்கள் தண்ணீருக்குள் விழுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவோம். குழந்தைக்கு அந்தப் பழக்கம் வந்திருக்காது.

காற்றடித்த தொட்டியில் இன்னொரு விஷயம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. தண்ணீருக்குள் ஒரு வாத்துப் பொம்மை மிதக்கிறது, குழந்தை வெளியே நின்றபடி மார்பைச் சுவரில் சாய்த்துக் கையை நீட்டுகிறது. சுவர் மெத்தென்று இருப்பதால் அந்தக் கனத்துக்கு அமுங்கிக்கொடுக்கிறது, பொம்மை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகிறது, குழந்தை இன்னும் எக்குகிறது, அவ்வளவுதான், கால் தரையை விட்டு எழும்பித் தலைகீழாக உள்ளே போய்விடும். ஏறவோ குதிக்கவோ இல்லை, வெறுமனே சாய்ந்தது. அதனால்தான் விளையாட்டு முடிந்ததும் தொட்டிக்குள் ஒரு பொம்மைகூட இருக்கக் கூடாது என்று சொல்கிறோம்.

விழுந்தால் கத்தும், தண்ணீர் தெறிக்கும், சத்தம் கேட்குமே?

கேட்காது. கத்த மூச்சு வேண்டும், மூழ்கும் குழந்தைக்கு மூச்சுவிடவே வழியில்லை. கையை ஆட்டிக் கூப்பிடுவதெல்லாம் சினிமாவில்தான். பெரும்பாலும் ஒரு சின்னச் சலனம், அப்புறம் அமைதி. ஒரு நிமிடத்துக்குள் குழந்தை போராடுவதை நிறுத்திவிடலாம். ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனால் மூளை பாதிக்கப்பட ஆரம்பிக்கும். பக்கத்து அறையில் இருந்தாலும் காது வைத்துக்கொண்டே இருப்பேன் என்று சிலர் சொல்கிறார்கள். காதுக்கு எட்டுகிற மாதிரி இங்கே எதுவும் நடக்காது. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எந்த அளவுத் தொட்டியில் ஆபத்து அதிகம்?

என்னைக் கேட்டால் நடுத்தர அளவில். கேட்பவர்கள் எல்லாரும் பெரியதா சின்னதா என்றுதான் கேட்கிறார்கள், சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ரொம்பச் சின்னத் தொட்டியை ஒரு கையால் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். தரையைத் தோண்டிக் கட்டிய நிரந்தர நீச்சல் குளத்துக்கு வேலி வேண்டும் என்பது கட்டுகிறவருக்கே தெரியும், பல இடங்களில் சட்டமும் கேட்கும். இரண்டு மீட்டர் அகலத்தில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புகிற தொட்டியைப் பாருங்கள். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1,500 லிட்டர், அதாவது ஒன்றரை டன் கனம். இதை யாரும் தினமும் கவிழ்க்கப் போவதில்லை. நிரப்பவே பாதி நாள் ஆகியிருக்கும், நாளைக்கும் குளிக்கலாமே என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அதே சமயம் ‘இது பொம்மை மாதிரித்தானே, இதற்குப் போய் வேலியா’ என்றும் தோன்றும், வேலி போட்டால் தொட்டியை விட வேலிக்கே செலவு அதிகம் என்றும் தோன்றும். ஆக, வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும், சுற்றிலும் எதுவும் இருக்காது. குளிக்கிற அந்த ஒரு மணி நேரம் எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். மீதி 23 மணி நேரமும் அந்தத் தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது, அதைத்தான் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டுதான். இதைத் தினமும் காலிசெய்வேனா? இல்லையென்றால் வேலி போடுவேனா? இரண்டுக்குமே பதில் ‘இல்லை’ என்றால் வாங்காதீர்கள். கடுமையாகச் சொல்வது போல இருக்கும், பரவாயில்லை.

நிஜமாகவே இப்படி நடக்கிறதா, இல்லை சும்மா பயமுறுத்துகிறீர்களா?

அமெரிக்காவில் 2001 முதல் 2009 வரை இந்த மாதிரித் தொட்டிகளில் நடந்த விபத்துகளை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்து, 2011இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 12 வயதுக்கு உட்பட்ட 209 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், 35 பேர் மூழ்கி உயிர்பிழைத்திருக்கிறார்கள். இதில் 94 சதவீதம் பேர் ஐந்து வயதுக்கும் குறைவானவர்கள். 73 சதவீதம் சொந்த வீட்டு வளாகத்திலேயே நடந்தது, 81 சதவீதம் கோடை மாதங்களில் நடந்தது. என்னை உறுத்தியது வேறொரு எண். 43 சதவீதச் சம்பவங்களில் பெரியவர் ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்படியென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதாதா?

எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தண்ணீரில் இருந்தால் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் ஒரு கண், குழந்தை மேல் ஒரு கண் என்றால் அது பார்ப்பதில் சேராது. முடிந்தால் நீங்களும் தொட்டிக்குள் இறங்கிவிடுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை.

இடையில் கூப்பிடுகிற விஷயங்கள் எல்லாமே சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். துண்டை உள்ளே மறந்துவிட்டோம், காலிங் பெல் அடித்தது, அடுப்பில் பால் பொங்குகிறது, இன்னொரு குழந்தை பாத்ரூம் போகணும் என்கிறது. எதுவாக இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தாலும் சரி, அழுதாலும் சரி, வீடு முழுக்கத் தண்ணீர் சொட்டினாலும் சரி. இறங்குவதற்கு முன்பே துண்டு, மாற்றுத் துணி, குடிக்கத் தண்ணீர் எல்லாவற்றையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. போனும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அவசரத்துக்குக் கூப்பிட மட்டும்.

வீட்டில் நாலைந்து பெரியவர்கள் இருக்கிறோம், அப்போது பயமில்லையே?

கூட்டம் இருக்கும்போதுதான் பயமே. அவர் பார்க்கிறார் என்று இவர் நினைப்பார், இவர் பார்க்கிறார் என்று அவர் நினைப்பார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அந்த ஒருவருக்கு வேறு வேலை கிடையாது, அரட்டையும் கிடையாது. மாற்றிக்கொள்ளும்போது ‘இனி நீ பாரு’ என்று வாய்விட்டுச் சொல்லி, ‘சரி, நான் பார்க்கிறேன்’ என்று பதில் வந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். மது குடித்தவரையும், தூக்கம் வருகிற மாத்திரை போட்டவரையும் இந்த வேலையில் விடவே கூடாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது எல்லாரும் குளித்து முடித்து உள்ளே போன பிறகு வருகிற நேரம். ஆளாளுக்குத் தலை துவட்டுவதும் சாப்பாடு எடுத்துவைப்பதுமாக இருப்பார்கள், குழந்தைக்கு மட்டும் ஆட்டம் முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு திரும்பப் போய்விடும். சின்னக் குழந்தைகள் மூழ்குவதில் பெரும்பகுதி இப்படிக் குளிக்கிற நேரமே இல்லாத நேரத்தில்தான் நடக்கிறது.

அண்ணனையோ அக்காவையோ பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

கூடாது. எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு பொறுப்பானதாக இருந்தாலும் அதுவும் விளையாட வந்த குழந்தைதான். ஏதாவது நடந்துவிட்டால் அந்தப் பாரத்தை அது ஆயுசுக்கும் சுமக்கும், அதற்காகவாவது அந்தப் பொறுப்பைத் தராதீர்கள்.

எங்கள் தொட்டியின் சுவர் குழந்தையை விட உயரம். ஏற முடியாது இல்லையா?

ஏணி மாட்டியிருந்தால் ஏறும். குளித்து முடித்த உடனே ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், தொட்டியின் பக்கத்திலேயே சாய்த்து வைத்தால் கழற்றாததற்குச் சமம். அப்புறம் தொட்டியைச் சுற்றி ஒருமுறை குனிந்து, குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள். ஃபில்டர் மோட்டார் பெட்டி சுவரை ஒட்டி இருக்கிறதா? அது ஒரு படி. பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, கவிழ்த்து வைத்த வாளி, குழந்தையே தள்ளிக்கொண்டு வரக்கூடிய மூன்று சக்கர சைக்கிள், இவை எல்லாமே படிதான்.

தொட்டியோடு சேர்ந்தே வருகிற படியும் உண்டு. குழாய் மாட்டுகிற பெரிய தொட்டிகள் சிலவற்றில் கால்கள் விரியாமல் இருக்க வெளிப்பக்கமாக ஒரு பட்டையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டையில் குழந்தை கால் வைத்து ஏறிவிடுகிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதே காரணத்துக்காக மூன்று நிறுவனங்களின் சுமார் 50 லட்சம் தொட்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. 48 அங்குலமும் அதற்கு மேலும் உயரமுள்ள தொட்டிகள் அவை, 2002இலிருந்தே விற்றுவந்தவை. 22 மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒன்பது குழந்தைகள் 2007க்கும் 2022க்கும் இடையில் அந்தப் பட்டையை மிதித்து ஏறி இறந்திருக்கலாம் என்று சொன்னார்கள். ஆக, நாலடிச் சுவரைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். உங்கள் தொட்டியிலும் வெளியே பட்டை இருந்தால் நீங்களாக வெட்டிவிடாதீர்கள், தாங்குவதற்காக வைத்தது அது, வெட்டினால் தொட்டியே சரியலாம். மாடல் எண்ணைப் பார்த்துத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், பட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு காலிலும் மாட்டுகிற கயிறு தருவதுதான் அந்த அறிவிப்பில் சொன்ன தீர்வு. அது வந்து மாட்டும் வரை குழந்தை தனியாக அந்தப் பக்கம் போகவே வழியிருக்கக் கூடாது, அல்லது தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

வேலி எப்படி இருக்க வேண்டும்?

நாலு பக்கமும். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக வைத்து மூன்று பக்கம் மட்டும் அடைப்பது மலிவு, ஆனால் வீட்டுக் கதவைத் திறந்தால் நேராகத் தண்ணீர், குழந்தை வருவதும் அந்தக் கதவு வழியாகத்தான். நாலு பக்க வேலி, மூன்று பக்க வேலியை விட மூழ்கும் அபாயத்தை 83 சதவீதம் குறைக்கிறது என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கு இடையில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம், அடியிலும் அப்படியே. கால் வைத்து ஏறுகிற மாதிரி குறுக்குக் கம்பிகள் வெளிப்பக்கம் இருக்கக் கூடாது. கேட் தொட்டிக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, விட்டால் தானாக மூடி, தானாகத் தாழ் விழ வேண்டும், தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கேட்டுக்குக் கல் முட்டுக்கொடுத்துத் திறந்துவைக்கிற பழக்கம் இருந்தால் இவ்வளவும் வீண். வேலிக்கு வெளியே சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறுவதற்கு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பக்கூடிய எந்தத் தொட்டிக்கும், அது காற்றடிக்கிறதாக இருந்தாலும், வேலி கட்டாயம். நீங்கள் இருக்கும் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரியுங்கள், சட்டம் எதுவும் சொல்லாவிட்டாலும் அந்த 30 சென்டிமீட்டரை ஒரு கோடாக வைத்துக்கொள்வது நல்லது.

வாடகை வீடு, வேலி போட முடியாது. என்ன செய்வது?

தினமும் கொட்டக்கூடிய சின்னத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் இரவு மழையில் திரும்ப நிரம்பிவிடும், காலையில் முதலில் எழுந்திருப்பது குழந்தையாகத்தான் இருக்கும். காற்றை இறக்கி மடித்து உள்ளே வைத்தால் இன்னும் நல்லது.

தண்ணீரைத் தினமும் கொட்ட மனசு வரவில்லையே?

நியாயம்தான். மருந்து போடாத தண்ணீர் என்றால் செடிக்கு ஊற்றலாம், வாசல் கழுவலாம். அதைவிட முக்கியமாக, குறைவாக நிரப்புங்கள். இரண்டு வயதுக் குழந்தை உட்கார்ந்து அடித்து விளையாடக் கணுக்கால் அளவு போதும், தொட்டியில் கோடு போட்டிருக்கிறார்கள் என்பதற்காக அதுவரை நிரப்ப வேண்டியதில்லை. குறைந்த தண்ணீரிலும் மூழ்கும் என்று முதலிலேயே சொன்னேன், அதனால் பக்கத்தில் இருப்பது மாறாது, கொட்டுவது மட்டும் சுலபமாகிறது.

தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால்?

தொட்டியோடு தருகிற மெல்லிய மூடி இலையும் தூசியும் விழாமல் இருக்கத்தான். அதன் மேல் குழந்தை கால் வைத்தால் உள்ளே போய்விடும், மூடி மேலே வந்து மறைத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் குழந்தை இருப்பதே தெரியாது. திறந்த தண்ணீரை விட இது மோசம் என்பேன். மூடியின் மேல் தேங்கும் மழைத்தண்ணீரும் தனி ஆபத்து. ஆள் கனம் தாங்குகிற பாதுகாப்பு மூடி என்று தனியாக உண்டு, ஆனால் இந்த வகைத் தொட்டிச் சுவர்களில் அதை இழுத்துக் கட்ட வழி இருப்பது அபூர்வம்.

அலாரம்?

கதவுக்கு வைக்கிற அலாரம் பயன்படும், குழந்தை வெளியே போகும்போதே அடிக்கும். தண்ணீரில் மிதக்கவிடுகிற அலாரம் குழந்தை விழுந்த பிறகுதான் அடிக்கும். இரண்டுமே வேலிக்கு மேல் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டியவை, வேலிக்குப் பதிலாக அல்ல.

கையில் மாட்டுகிற காற்றுப்பை, இடுப்பு வளையம் போதுமா?

அவை விளையாட்டுச் சாமான்கள். காற்று இறங்கும், கை நழுவும், வளையத்தோடு குழந்தை கவிழ்ந்தால் தலை கீழேயும் கால் மேலேயுமாக மாட்டிக்கொள்ளும். இன்னொரு கெடுதலும் உண்டு. அதை மாட்டியே பழகிய குழந்தை தண்ணீர் தன்னைத் தாங்கும் என்று நம்ப ஆரம்பித்துவிடும், மாட்டாத நாளிலும் அதே தைரியத்தில் இறங்கும். உடம்பு அளவுக்குச் சரியான, தரச்சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட் வேறு விஷயம், ஆனால் அதைப் போட்டிருந்தாலும் கையெட்டும் தூரத்தை விடக் கூடாது.

என் குழந்தை நீச்சல் வகுப்புக்குப் போகிறது.

நல்லது, போகட்டும். ஒரு வயதுக்கு மேல் பல குழந்தைகளுக்கு வகுப்பு உதவலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. ஆனால் நீச்சல் உடையோடு, ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு நீந்துவது வேறு, உடுப்போடு எதிர்பாராமல் தலைகுப்புற விழுவது வேறு. மூன்று வயதில் ‘நீச்சல் தெரியும்’ என்று எதையும் தளர்த்தாதீர்கள்.

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் எங்கே தேடுவது?

தண்ணீரில். கட்டிலுக்கு அடியிலும் மாடியிலும் அப்புறம் தேடலாம். அங்கே ஒளிந்திருந்தால் ஐந்து நிமிடம் கழித்தும் பத்திரமாகத்தான் இருக்கும்.

தண்ணீரில் அசைவில்லாமல் கிடந்தால் என்ன செய்ய வேண்டும்?

உடனே வெளியே எடுத்துக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொல்லுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பத்து வினாடிக்குள் பார்த்துவிட வேண்டும். மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டு ஏதோ இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றால் ஆரம்பித்துவிடுங்கள்.

தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், கைக்குழந்தை என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடிக்கொண்டு. மார்பு மேலே எழும்புகிற அளவுக்கு ஊதினால் போதும். முதலில் ஐந்து முறை ஊதச் சொல்வது ஐரோப்பிய முறை, அமெரிக்க முறையில் இரண்டு. எதுவானாலும் ஊதுவதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு நெஞ்சின் நடுவில் மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகுமளவு 30 முறை அழுத்தி, மறுபடி இரண்டு முறை ஊத வேண்டும், இப்படியே மாற்றி மாற்றி. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துகிற வேகம். நீங்கள் தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுச் செய்துகொண்டே பேசுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது குழந்தை மூச்சுவிட ஆரம்பிக்கும்வரை நிறுத்தக் கூடாது.

செய்யக் கூடாததும் உண்டு. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தலைக்கு மேல் சுழற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது, இவை எல்லாமே பழைய பழக்கம். நுரையீரலுக்குப் போன தண்ணீர் இதில் வெளியே வராது, வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கும், போகிற நேரமும் போய்விடும்.

இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. பொம்மையை வைத்து அழுத்தப் பழக்குகிற முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும். தொட்டி வாங்குகிற வீட்டில் ஒருவராவது இதைச் செய்திருக்க வேண்டும்.

தண்ணீருக்குள் போய் இருமிக்கொண்டே எழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?

ஒரு வாய் தண்ணீர் குடித்து இரண்டு முறை இருமிவிட்டு உடனே பழையபடி ஓடியாடினால் பயப்பட ஒன்றுமில்லை. நினைவு தப்பியிருந்தாலோ, ஊதியோ அழுத்தியோ எழுப்ப வேண்டியிருந்தாலோ, இப்போது நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் கட்டாயம் போக வேண்டும். மூழ்கி எழுந்த குழந்தைக்கு இருமல் நிற்காமல் இருந்தாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், உதடு நீலம் பாரித்தாலும், வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலும் காத்திருக்காதீர்கள். பல நாள் கழித்துத் திடீரென்று உலர்ந்த நிலையிலேயே மூழ்கிச் சாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம், பிரச்சினை இருந்தால் சில மணி நேரத்திலேயே அறிகுறி தெரிந்துவிடும்.

மோட்டாரால் வேறு ஆபத்து உண்டா?

உண்டு. தண்ணீரை உறிஞ்சும் வாயில் நீளமான தலைமுடி சிக்கலாம், அதனால் வலை மூடி உடைந்திருந்தால் அன்றைக்குக் குளியல் வேண்டாம், முடியையும் கட்டிவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் மோட்டாரைச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயரை ஈரத்தரையில் இழுத்துப்போடக் கூடாது.

சீசன் முடிந்ததும் தொட்டியைச் சொந்தக்காரர் ஒருவர் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அவர் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. பழைய தொட்டியில் அட்டைப்பெட்டியும் எச்சரிக்கைத் தாளும் எப்போதோ போயிருக்கும், அதனால் மாடல் எண்ணை எழுதிக் கொடுத்து, திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏணி ஆடுகிறதா, வலை மூடி இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலி போடப் போகிறாரா, தினமும் கொட்டப் போகிறாரா என்று நேராகவே கேளுங்கள், இரண்டும் இல்லையென்றால் சின்னத் தொட்டியாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடலாம், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.